தடையிகளும் எளிய மின்சுற்றுகளும்: ஆய்வுகூட உபகரணங்களைச் சரியாகக் கையாளல்



மின்னியல் வினா ஒன்றைக் கண்டவுடன் "வீ சமன் ஐ ஆர்" என்று எழுதி, தரப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கியோ பிரித்தோ விட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும் பழக்கம் உங்களில் பலரிடம் உண்டு. வினாவில் இரண்டு எண்கள் மட்டும் இருந்தால் அது பலிக்கும். மூன்றாவது எண் ஒன்று வந்தால் எதை எதனோடு சேர்ப்பது என்று தடுமாற வேண்டியதுதான். க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞான வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் புள்ளிகள் இழக்கப்படுவது பெரும்பாலும் கணிதம் தெரியாமையினால் அன்று. மானி எங்கே, தடையி எங்கே, எதற்காக என்பது தெரியாமையினாலேயே.

இதை எழுதும் நான் ஒரு கலைப் பட்டதாரி. நான் படித்த பாடசாலையில் அம்பியர்மானியும் வோல்ற்றுமானியும் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தன. அலுமாரிக்கு வெளியே நின்று பார்த்துத்தான் அவற்றின் படத்தை வரைந்தோம். பரீட்சைக்கு முந்திய தவணைச் சோதனையில் வோல்ற்றுமானியைத் தொடராக இணைத்து வரைந்து, அந்த வினாவின் புள்ளிகள் முழுவதையும் இழந்தேன். பின்னர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டி வந்தபோதுதான் ஒரு பல்மானியைக் கையில் எடுத்தேன். ஆகவே நீங்கள் எந்த இடத்தில் வழுக்குவீர்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

தடையும் தடையியும்

தடை என்பது ஓர் இயல்பு. கடத்தி ஒன்றினூடாக மின்னோட்டம் பாயும்போது அதற்கு ஏற்படும் எதிர்ப்பே தடையாகும். அதன் அலகு ஓம். தடையி என்பது கையில் எடுக்கக்கூடிய பொருள். குறித்த அளவு தடையைத் தருவதற்கென்றே செய்யப்பட்ட கூறு. "சுற்றில் உள்ள கூறைப் பெயரிடுக" என்று கேட்டால் "தடையி" என்றே எழுத வேண்டும்.

சரி, ஓட்டத்தை எதிர்க்கும் ஒரு பொருளை நாமே காசு கொடுத்து வாங்கி ஏன் சுற்றில் வைக்கிறோம்? ஒளிகாலும் இருவாயி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிவப்பு நிற இருவாயி ஒளிர்வதற்கு ஏறத்தாழ 2 வோல்ற்றுப் போதும். அதனூடாக 20 மில்லிஅம்பியர் வரை பாயலாம். நான்கு உலர்கலங்களைத் தொடராக இணைத்தால் 6 வோல்ற்று. இருவாயியை நேரடியாக அதற்கு இணைத்தால் ஒரு கணம் பளிச்சென்று ஒளிர்ந்து பின் என்றைக்குமாக அணைந்துவிடும். மின்குமிழைப் போன்றதன்று இருவாயி. 2 வோல்ற்றுக்குச் சற்று மேலே போனாலே ஓட்டம் பல மடங்காகிவிடும். அதைக் காப்பாற்ற வேண்டுமாயின் மிகுதி 4 வோல்ற்றை வேறொன்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த வேறொன்றுதான் தடையி.

தேவையான தடை = அழுத்த வித்தியாசம் ÷ மின்னோட்டம் = 4 ÷ 0.02 = 200 ஓம்.

இங்கே 4 என்று எழுதியதைக் கவனியுங்கள். பிள்ளைகள் பத்துப்பேரில் ஆறு ஏழு பேர் 6 ÷ 0.02 = 300 ஓம் என்றுதான் எழுதுகிறார்கள். ஓமின் விதியை ஒரு தடையிக்குப் பிரயோகிக்கும்போது அந்தத் தடையியின் இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசத்தையே பயன்படுத்த வேண்டும். மின்கல அடுக்கினுடையதை அன்று. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் இந்த அலகின் பாதி முடிந்தது.

நிற வளையங்கள்

கடைக்குப் போய் 200 ஓம் தடையி கேட்டால் கடைக்காரர் 220 ஓம் தடையியைத் தருவார். ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் தந்தது 220 தானா என்று நீங்களே வாசித்துப் பார்க்க வேண்டும்.

கறுப்பு 0, கபிலம் 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, நரை 8, வெள்ளை 9. நடுவில் உள்ள சிவப்பு முதல் ஊதா வரை வானவில்லின் ஒழுங்கில் இருப்பதைக் கண்டால் மனனம் செய்வது இலகு. இருண்ட கறுப்பும் கபிலமும் முன்னே. வெளிறிய நரையும் வெள்ளையும் பின்னே.

நான்கு வளையத் தடையியில் முதல் இரண்டும் இலக்கங்கள். மூன்றாவது வளையம் எத்தனை பூச்சியங்கள் சேர்க்க வேண்டும் என்பதைக் காட்டும். நான்காவது பொறுதியைக் காட்டும். அதாவது குறித்த பெறுமானத்திலிருந்து எவ்வளவு கூடியோ குறைந்தோ இருக்கலாம் என்பதை. பொன் நிறமாயின் 5 சதவீதம், வெள்ளியாயின் 10 சதவீதம், வளையமே இல்லையாயின் 20 சதவீதம். பொன் அல்லது வெள்ளி வளையத்தை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு இடமிருந்து வாசியுங்கள்.

சிவப்பு, சிவப்பு, கபிலம், பொன் என்றால் 2, 2, ஒரு பூச்சியம். ஆகவே 220 ஓம், 5 சதவீதப் பொறுதி. 220 இல் 5 சதவீதம் 11. எனவே உண்மையான தடை 209 ஓமுக்கும் 231 ஓமுக்கும் இடையில் இருக்கும். மூன்றாவது வளையம் கறுப்பாயின் பூச்சியம் எதுவும் சேர்க்கக் கூடாது. சிவப்பு, சிவப்பு, கறுப்பு என்பது 22 ஓம், 220 அன்று. பல்தேர்வு வினாக்களில் இந்தப் பொறியில் விழாதவர்கள் குறைவு.

இப்பொழுது 200 ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பார்ப்போம். 10 சதவீதப் பொறுதியுள்ள தடையிகள் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்னும் பன்னிரண்டு பெறுமானங்களிலும் அவற்றின் பத்தின் மடங்குகளிலும் செய்யப்படுகின்றன. பார்வைக்கு ஒழுங்கில்லாத எண்கள். ஆனால் 220 இன் மேல் எல்லையைக் கணித்துப் பாருங்கள்: 220 + 22 = 242. அடுத்ததான 270 இன் கீழ் எல்லை: 270 − 27 = 243. ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்குகிறது. இடையில் 250 என்று ஒன்றைத் தனியாகச் செய்தாலும் அது இவற்றுள் ஒன்றின் எல்லைக்குள்ளேயே விழும். எல்லா இடங்களிலும் இவ்வளவு அச்சொட்டாகப் பொருந்தாது, சில இடங்களில் சற்று மேற்படியும். என்றாலும் எண்ணம் இதுதான். 200 ஓமும் அவ்வாறே 220 இன் எல்லைக்குள், அதாவது 198 இற்கும் 242 இற்கும் இடையில், அடங்கிவிடுகிறது.

220 ஓமைப் போட்டால் நமது இருவாயியில் ஓட்டம் 4 ÷ 220 = 0.018 அம்பியர், அதாவது 18 மில்லிஅம்பியர். ஒளி சற்றுக் குறையும், கண்ணுக்குத் தெரியாது. கணித்த பெறுமானம் கிடைக்காவிடின் அடுத்த பெரிய பெறுமானத்தையே எடுக்க வேண்டும். 180 ஓமை எடுத்தால் ஓட்டம் 22 மில்லிஅம்பியராகி எல்லையைத் தாண்டிவிடும்.

தடையியின் பருமனையும் பாருங்கள். பெரிய தடையி என்றால் பெரிய தடை என்று நினைக்க வேண்டாம். பருமன் காட்டுவது அது எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதையே. இங்கே வலு 4 × 0.018 = 0.072 உவாற்று. ஆகவே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கால் உவாற்றுத் தடையி தாராளமாகப் போதும்.

அம்பியர்மானியும் வோல்ற்றுமானியும்

அம்பியர்மானி தொடராக, வோல்ற்றுமானி சமாந்தரமாக என்பதை எல்லோரும் சொல்வீர்கள். ஏன் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

தெருவில் எத்தனை வாகனங்கள் போகின்றன என்று எண்ணுபவர் தெருவோரத்தில் நிற்கலாம். ஆனால் அம்பியர்மானிக்கு அந்த வசதி இல்லை. எண்ண வேண்டிய ஓட்டம் முழுவதும் அதனூடாகவே போக வேண்டும். போகும் ஓட்டத்தை அது குறைக்கவும் கூடாது. எனவே அதன் தடை மிகச் சிறிது. வோல்ற்றுமானி இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளப்பது. ஆகவே அந்த இரண்டு புள்ளிகளிலும் தொட வேண்டும். அப்படித் தொடும்போது சுற்றின் ஓட்டத்தைத் தன் பக்கம் இழுக்கக் கூடாது. எனவே அதன் தடை மிகப் பெரிது.

இவற்றை மாற்றி இணைத்தால் நடப்பதைக் கணித்துப் பார்ப்போம். 3 வோல்ற்று அடுக்கு, 10 ஓம் மின்சூள் குமிழ், 3000 ஓம் தடையுள்ள வோல்ற்றுமானி ஆகிய மூன்றும் தொடராக உள்ளன என்க. மொத்தத் தடை 3010 ஓம். ஓட்டம் ஏறத்தாழ 1 மில்லிஅம்பியர். குமிழுக்குக் கிடைப்பது 0.01 வோல்ற்று, அது ஒளிராது. வோல்ற்றுமானியோ ஏறத்தாழ 3 வோல்ற்றைக் காட்டும். "குமிழ் ஒளிராதபோதும் வோல்ற்றுமானி வாசிப்பைக் காட்டுவது ஏன்?" என்று கேட்டால் இதுவே விடை.

மாறாக, அம்பியர்மானியைக் குமிழுக்குச் சமாந்தரமாக இணைத்தால் நிலைமை மோசமானது. அதன் தடை 0.1 ஓம் என்றால் ஓட்டம் குமிழை விட்டுவிட்டு மானியினூடாகவே பாயும். இது குறுஞ்சுற்று. குமிழ் அணையும், கலங்கள் சூடாகும், மானியின் சுட்டி எல்லையில் போய் மோதும். மானி பழுதாவதற்கு ஒரு சில செக்கன்கள் போதும். உங்கள் பாடசாலையில் இருப்பது ஒரேயொரு அம்பியர்மானி என்றால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அது இருக்காது.

வாசிப்பு எடுக்கும்போது சுட்டிக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் பாருங்கள். சரிவாகப் பார்த்தால் இடமாறு வழு ஏற்படும். சுற்றை இணைக்க முன்னரே சுட்டி பூச்சியத்தில் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பல்மானி

உங்கள் பாடசாலையில் இல்லாவிட்டால், நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து மலிவான எண்முறைப் பல்மானி ஒன்றை வாங்கலாம். நான் வேறு எதற்கும் இப்படிச் செலவழிக்கச் சொல்வதில்லை. வழிகாட்டி நூல்கள் மூன்றை வாங்குவதிலும் பார்க்க இது பயன் தரும்.

கறுப்புக் கம்பி எப்போதும் பொதுத் துளையில் இருக்கும். சிவப்புக் கம்பியை வோல்ற்று, ஓம் அளக்கும் துளையில் செருக வேண்டும். 10 அம்பியர் என்று குறிக்கப்பட்ட மூன்றாவது துளை பெரிய ஓட்டங்களை அளப்பதற்குரியது. அந்தத் துளையில் கம்பியை மறந்து விட்டுவிட்டு மின்கல அடுக்கின் வோல்ற்றளவைப் பார்க்கப் போனால், மேலே கூறிய குறுஞ்சுற்று உங்கள் கையிலேயே நடக்கும். மலிவான பல்மானிகள் பலவற்றில் இந்தத் துளைக்கு உருகி கூட இல்லை.

தடையை அளக்கும்போது மூன்று விடயங்கள். முதலாவது, சுற்றில் மின் இருக்கக் கூடாது. பல்மானி தனது சொந்த மின்கலத்திலிருந்து சிறிய ஓட்டத்தை அனுப்பியே தடையை அளக்கிறது. வெளியில் இருந்து வேறோர் ஓட்டம் வந்தால் வாசிப்புப் பிழைக்கும், சிலவேளை மானியும் பிழைக்கும். இரண்டாவது, தடையியின் ஒரு காலையேனும் சுற்றிலிருந்து கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதற்குச் சமாந்தரமாக உள்ளவற்றையும் சேர்த்தே அளப்பீர்கள். மூன்றாவது, இரண்டு முனைகளையும் இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பிடிக்க வேண்டாம். உங்கள் உடலும் ஒரு தடையி. 220 ஓமுக்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் பத்து இலட்சம் ஓம் தடையியை இப்படிப் பிடித்து அளந்தால் வாசிப்பு வெகுவாகக் குறையும். வியர்த்த கை என்றால் இன்னும் குறையும். திரையின் இடப்பக்கத்தில் தனியே "1" என்று தோன்றினால் அது 1 ஓம் அன்று. தெரிந்த வீச்சுப் போதாது என்பதே பொருள்.

வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ற்று மின்னை அளந்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். இந்த அலகிலுள்ள எல்லாச் செயன்முறைகளையும் நான்கு உலர்கலங்களால் செய்துவிடலாம். அதேபோலத் தடையிகளைக் கழற்றி எடுப்பதற்குப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம்; அதிலுள்ள கொள்ளளவிகள் மின்னை நிறுத்திய பின்னரும் ஏற்றத்தை வைத்திருக்கும். உலர்கலத்தில் வேலை செய்த பழைய வானொலிப் பெட்டி ஒன்று போதும்.

ஓமின் விதியை வாய்ப்புப் பார்த்தல்

இவ்விதியை 1827 இல் நூலாக வெளியிட்ட கியோர்க் சைமன் ஓம், ஜேர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். கொலோன் நகரில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். அவருக்கு ஏற்பட்ட முதற் சிக்கல் உங்களுக்கும் ஏற்படும். அக்காலக் கலங்கள் ஓட்டம் பாயப் பாய வலுக் குன்றின. வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எனவே கலத்தை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணைப்பில் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத வெப்பநிலை வித்தியாசத்திலிருந்து மாறாத மின்னைப் பெற்றார்.

நமக்குப் பனிக்கட்டி தேவையில்லை. ஆளி இருந்தால் போதும். ஒவ்வொரு வாசிப்பையும் எடுத்தவுடன் ஆளியைத் திறந்துவிட வேண்டும். மூடியபடியே விட்டால் கலம் குன்றும், கம்பியும் சூடேறித் தடை மாறும். "வாசிப்பு எடுக்கும்போது மட்டும் ஆளியை மூடுவது ஏன்?" என்ற வினாவுக்கு இந்த இரண்டில் வெப்பத்தைப் பற்றியதை முதலில் எழுதுங்கள். வெப்பநிலை மாறாதிருக்கும்போது என்பது விதியின் கூற்றிலேயே உள்ள நிபந்தனை.

பழைய கலம் பற்றி ஒரு வார்த்தை. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்விநியோகமும் இல்லை, உலர்கலம் கொண்டுவரவும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதாக உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று கலம் கடையில் கிடைக்கிறது. பழையதை வைத்துச் செயன்முறை செய்ய வேண்டிய அவசியம் இல்லை. பழைய கலத்தை வோல்ற்றுமானியால் தொட்டால் 1.4 வோல்ற்று வரை கூடக் காட்டலாம். ஆனால் குமிழை இணைத்தவுடன் வாசிப்புச் சரிந்துவிடும். அதன் அகத்தடை கூடிவிட்டதே காரணம்.

சுற்றில் மாறுந்தடையியை, அதாவது இறையோதற்றை, இணைக்கும்போது ஒரு கம்பியைக் கீழ் முடிவிடம் ஒன்றிலும் மற்றதை மேலே வழுக்கியோடு தொடர்புள்ள முடிவிடத்திலும் பூட்ட வேண்டும். இரண்டையும் கீழே பூட்டினால் வழுக்கியை எங்கே நகர்த்தினாலும் ஓட்டம் மாறாது. தொடங்கும்போது தடை உச்சமாக இருக்கும் நிலையில் வழுக்கியை வையுங்கள்.

நைக்குரோம் கம்பிச் சுருள் ஒன்றுக்கு 0.1, 0.2, 0.3, 0.4 அம்பியருக்கு முறையே 0.5, 1.0, 1.5, 2.0 வோல்ற்று வந்தால், வோல்ற்றை நிலைக்குத்து அச்சில் குறித்த வரைபின் படித்திறன் 5 ஓம். அச்சுகளை மாற்றினால் படித்திறன் தடையாகாது. தடையின் நிகர்மாறு, 0.2 ஆகும். சுருளுக்குப் பதிலாக மின்சூள் குமிழை வைத்தால் வரைபு வளையும். இழை வெண்சூடாகும்போது அதன் தடை பலமடங்கு கூடுகிறது.

ஒரு வினா, முழுமையாக

6 வோல்ற்று அடுக்கு (அகத்தடை புறக்கணிக்கத்தக்கது). 2 ஓம் தடையி ஒன்று, சமாந்தரமாக உள்ள 6 ஓம், 3 ஓம் தடையிகளோடு தொடராக இணைக்கப்பட்டுள்ளது. அம்பியர்மானி மொத்த ஓட்டத்தை அளக்கிறது.

சமாந்தரப் பகுதி: 1/6 + 1/3 = 1/2. இங்கே நிறுத்திவிட்டு "1/2 ஓம்" என்று எழுதிப் புள்ளி இழப்பவர்கள் ஏராளம். புரட்டுங்கள்: 2 ஓம். சமாந்தரத்தின் சமவலுத் தடை அதிலுள்ள மிகச் சிறிய தடையிலும் சிறிதாக இருக்கும் என்று சரிபார்த்தால் மட்டும் போதாது, 1/2 உம் 3 ஐ விடச் சிறிதுதானே. புரட்டினீர்களா என்றும் பாருங்கள்.

மொத்தத் தடை 2 + 2 = 4 ஓம். அம்பியர்மானி 6 ÷ 4 = 1.5 அம்பியரைக் காட்டும். 2 ஓம் தடையியின் குறுக்கே 1.5 × 2 = 3 வோல்ற்று. மிகுதி 3 வோல்ற்று சமாந்தரப் பகுதிக்கு. ஆகவே 6 ஓமில் 0.5 அம்பியர், 3 ஓமில் 1 அம்பியர். கூட்டினால் 1.5. சரி.

இப்பொழுது 6 ஓம் தடையி எரிந்து துண்டிக்கப்படுகிறது. அம்பியர்மானி வாசிப்புக் கூடுமா, குறையுமா? "ஒரு தடை போய்விட்டது, ஆகவே ஓட்டம் கூடும்" என்பது அநேகரின் விடை. பிழை. போனது தடை மட்டுமன்று, ஒரு பாதை. இப்போது மொத்தம் 2 + 3 = 5 ஓம்; ஓட்டம் 1.2 அம்பியர். குறைந்துவிட்டது. ஆனால் 3 ஓம் தடையியைப் பாருங்கள்: முன்னர் 1 அம்பியர், இப்போது 1.2 அம்பியர். மொத்த ஓட்டம் குறைய, எஞ்சியிருப்பதன் ஓட்டம் கூடுகிறது. அதன் குறுக்கே முன்னர் 3 வோல்ற்று, இப்போது 3.6 வோல்ற்று. இந்த வினாவைப் புத்தகத்தை மூடிவிட்டு ஒருமுறை நீங்களாகவே செய்து பாருங்கள்.

சுயமாகச் செய்க

1. மஞ்சள், ஊதா, சிவப்பு, பொன் வளையங்களுள்ள தடையி ஒன்றைப் பல்மானி 4900 ஓம் என்று காட்டுகிறது. தடையி பழுதானதா?

2. 12 ஓம் தடையிகள் இரண்டு சமாந்தரமாகவும், அவற்றோடு 6 ஓம் தடையி தொடராகவும் 6 வோல்ற்று அடுக்குக்கு இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு 12 ஓம் தடையியினூடாகவும் பாயும் ஓட்டம் யாது?

3. 3 வோல்ற்று அடுக்கு, 100 ஓம் தடையி, 2 வோல்ற்றில் ஒளிரும் சிவப்பு இருவாயி ஆகியன தொடராக உள்ளன. (அ) ஓட்டம் யாது? (ஆ) இருவாயியை முனைவு மாற்றி இணைத்தால் தடையியின் குறுக்கேயுள்ள வோல்ற்றுமானி எதைக் காட்டும்?

விடைகள்

1. இல்லை. 4700 ஓமில் 5 சதவீதம் 235. எல்லைகள் 4465, 4935.

2. 0.25 அம்பியர்.

3. (அ) 10 மில்லிஅம்பியர். (ஆ) பூச்சியம். ஓட்டம் இல்லாத தடையியின் குறுக்கே அழுத்த வித்தியாசமும் இல்லை. 3 வோல்ற்று என்று எழுதியவர்கள் இருவாயி பற்றிய முதற் கணக்கை மீண்டும் வாசிக்கவும்.